முன்கண்ணாடியில் மிதக்கும் வெண்படலம்

பதுளையிலிருந்து ஹாலி எல வழியாகப் பண்டாரவளைக்கு ஏறும் மலைவீதியில் வெயிலும் நிழலும் மாறிமாறி வருவது பயணிகளுக்குக் கண்கொள்ளாக் காட்சி. சாரதிக்கோ அது சோதனை. தேயிலைச் சரிவின் திறந்த வெளியில் உச்சிவெயில் கொட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வளைவிலேயே யூக்கலிப்டஸ் மரங்களின் அடர்நிழல். வண்டி இன்னும் வெயிலில் நிற்கிறது. பார்க்க வேண்டிய இடமோ இருளில் கிடக்கிறது. அக்கணத்தில் முன்கண்ணாடியின் மீது வெண்மையான படலமொன்று மிதந்து வீதியை மறைக்கிறது.

அப்படலம் வெளியிலிருந்து வருவதன்று. சாரதிக்கு முன்னே, கண்ணாடியின் அடியில் கிடக்கும் டாஷ்போட் என்னும் முன்தட்டின் நிழலுருவே அது. இக்கால வண்டிகளின் முன்கண்ணாடி மிகவும் சாய்ந்திருப்பதால், சாரதியின் நேர்ப்பார்வை அதில் பட்டுத் திரும்பும்போது முன்தட்டின் மேலேயே இறங்குகிறது. பழைய மொறிஸ் மைனர் வண்டியின் கண்ணாடி இத்துணை சாய்வானதன்று. அதில் தெரியக்கூடியது ஓட்டுபவரின் மடியும் வேட்டியுமே!

கணக்கையும் சற்றுப் பார்ப்போம். நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 8 பங்கையே கண்ணாடி திருப்புகிறது. மிகச் சாய்ந்த முன்கண்ணாடியிலோ அது ஏறத்தாழ 15 பங்காகிவிடும். அற்பம் என்று தோன்றலாம். ஆயினும் முன்தட்டில் கிடக்கும் வெள்ளைத்தாள் தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்கை மேலே வீசுகிறது. மரநிழலில் கிடக்கும் கரிய தார்வீதி தரும் ஒளி அதனோடு போட்டியிட இயலுமா?

ஊவாவின் கச்சான் காற்றுக் காலத்தில், ஆடி ஆவணியில், இத்தொல்லை மிகும். தேயிலைக்குத் தனி மணமூட்டும் அவ்வறண்ட காற்று, மேகத்தையும் துடைத்துவிடுகிறதன்றோ? அரசினர் பாடசாலைகள் பிற்பகல் 1.30 மணிக்கு விடும். வெயில் உச்சியிலிருந்து சற்றே இறங்கிய அந்நேரத்தில்தான் தோட்டத்துப் பிள்ளைகள் நடைபாதையில்லாத வீதியோரத்தில் வரிசையாக லயங்களை நோக்கி நடக்கின்றனர். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாய்மாரும் நிழலை நாடி மரத்தடியோரமாகவே வருவர். படலம் மறைப்பது இவர்களைத்தான். வெள்ளைச் சீருடைகூட நிழலில் மங்கிப்போகும்.

இம்மலைவீதிகள் பிழையைப் பொறுப்பவை அல்ல. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் வண்டி பசறை அருகே பள்ளத்தில் வீழ்ந்து பதினான்கு உயிர்களையேனும் கொண்டுபோயிற்று. அவ்விபத்தைக் கண்கூச்சத்தின் தலையில் நாம் கட்டவில்லை. ஒடுங்கிய வீதியும் வழியில் கிடந்த பாறையுமே அன்று பேசப்பட்டன. ஆனால் அத்தகைய வீதியில், ஒரு கணம் குருடாக ஓடுவது எத்தகைய துணிச்சல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, நம்மவர் முன்தட்டில் என்னென்ன வைக்கிறோம்? பிள்ளையார் சிலை, கதிர்காமக் கந்தன் படம், பிளாஸ்டிக் மலர்கள், பழைய பற்றுச்சீட்டுகள், அன்றைய பத்திரிகை. தட்டு வெயிலில் வெடிக்காதிருக்க வெள்ளைத் துவாயை விரிப்போரும் உளர். நோயை விலைகொடுத்து வாங்குவது அது. பளபளக்கும் மெருகெண்ணெய் பூசுவோரும் அவ்வாறே. தெய்வத்தை இறக்கிவிடும்படி நாம் சொல்லவில்லை. கண்ணாடிச் சட்டமிட்ட படத்துக்குப் பதிலாக மங்கலான சிறு படமொன்றைப் பார்வைக்குப் புறத்தே வைத்தால் கந்தன் கோபிக்கப்போவதில்லை. மற்றவற்றை அகற்றிவிட்டு, மினுமினுப்பில்லாத கறுப்புத் துணியொன்றை நழுவாதபடி தைத்து விரித்தாற் போதும். நல்ல கறுப்புத் துணி நூற்றில் ஒரு சில பங்கு ஒளியையே திருப்பும். தையற்கடைத் துண்டே இதற்குப் போதுமானது. உயிர்க்காப்புக் காற்றுப்பை முன்தட்டுக்குள் இருக்கும் வண்டியாயின், அதன் மூடிமேல் துணி படாதிருக்க வேண்டும்.

முன்கண்ணாடிக்குக் கருநிறத் தாள் ஒட்டுவது மருந்தன்று. உட்புறப் பிரதிபிம்பம் அப்படியே இருக்க, வெளிக்காட்சி மட்டும் மங்கும்.

முனைவாக்கக் கறுப்புக் கண்ணாடி அணிவது மெய்யாகவே உதவும். பௌதிகம் பயிலும் மாணவர்க்கு இதில் ஒரு சுவை உண்டு. 1808இல் பாரிசில் மாலூஸ் என்பார், லக்சம்பேர்க் அரண்மனைச் சாளரத்தில் தெறித்த மாலைவெயிலைப் படிகமொன்றினூடே நோக்கியபோது, தெறித்த ஒளிக்குத் தனிக்குணம் இருக்கக் கண்டார். கண்ணாடிக்கு அக்குணம் முழுமை பெறும் கோணம் ஏறத்தாழ 56 பாகை என்பது புறூஸ்டரின் விதி. சாய்ந்த முன்கண்ணாடியில் ஒளி தெறிப்பதும் கிட்டத்தட்ட அக்கோணத்திலேயே! 1929இல் முனைவாக்கத் தாளை ஆக்கிய எட்வின் லாண்ட், எதிர்வரும் வண்டிகளின் விளக்குக் கூச்சத்தைப் போக்கவே அதனை முதலில் எண்ணினார். அது கைகூடவில்லை, மூக்குக் கண்ணாடியாய்ப் பயன்பட்டது. மூடுபனியிலும் அந்திக்குப் பின்னும் அதனைக் கழற்றிவிட வேண்டும்.

கண்ணாடியின் உட்புறத்தை மறப்போர் பலர். வெயிலில் காயும் பிளாஸ்டிக் கக்கும் ஆவி அங்கே எண்ணெய்ப் பசையாய்ப் படிகிறது. ஈரத்துணியால் ஒருமுறையும் உலர்துணியால் ஒருமுறையும் வாரந்தோறும் துடைத்து வந்தால், பகற்கூச்சம் தணிவதோடு, இரவில் ஹப்புத்தளை மூடுபனிக்குள் எதிர்வரும் லொறியின் விளக்கும் சிதறாது தெரியும்.