பாயாவுக்குள் ஒரு சாரம்

ராத்திரி மிஞ்சிய ஆட்டுக்கால் பாயாவை ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் எடுத்துப் பாருங்கள். மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது கொழுப்பு. அதற்குக் கீழே தளதளவென்று உறைந்திருப்பது ஜெலட்டின். எலும்பிலும் தோலிலும் தசைநாணிலும் இருந்த கொலாஜன் என்ற புரதம், மணிக்கணக்கில் கொதித்துப் புரி அவிழ்ந்த கோலம் அது.

எலும்பென்றால் சுண்ணாம்பு என்றே நினைக்கிறோம். எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கோழிக்கால் எலும்பை வினிகரில் சில நாள் ஊறப்போடுங்கள் (நாற்றத்துக்கு வீட்டில் திட்டு விழும்). தாது கரைந்துபோகும், வடிவம் மாறாது, ரப்பர் மாதிரி வளையும். மிஞ்சியது கொலாஜன். மூன்று இழைகள் கயிறாக முறுக்கிக்கொண்ட அதன் அமைப்பை 1954-55-இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்களுக்கு உதவியது கங்காருவின் வால் தசைநாண்.

எலும்பில் சின்ன முறிவென்றால் உடம்பே ஒட்டிக்கொள்ளும். விபத்திலோ, கட்டியை வெட்டியெடுத்ததிலோ பெரிய இடைவெளி விழுந்தால் செல்களுக்குக் கால் வைக்க இடமில்லை. நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து நிரப்புவது பழைய வழி. இன்றும் நம்பகமானது, என்ன, இரண்டு இடத்தில் வலி. அதற்கு மாற்றுதான் மாட்டுத் தோல் அல்லது தசைநாணின் கொலாஜன். அமிலத்தில் கரைத்து, உடம்பு எதிர்க்கக்கூடிய நுனிகளைப் பெப்சின் என்ற நொதியால் நறுக்கி, உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்துவார்கள். பனித்துகள் இருந்த இடமெல்லாம் ஓட்டையாகி, ரஸ்க் போல லேசான பஞ்சு கிடைக்கும். கொத்தனார் கட்டும் சாரம்தான் இது. செல்கள் ஏறி உட்கார்ந்து எலும்பைக் கட்டக் கட்ட, உடம்பின் நொதிகள் பஞ்சைத் தின்றுவிடும். சாரம் பிரிக்க இன்னோர் ஆப்பரேஷன் வேண்டாம். ஆனால் நனைந்த பஞ்சு பாரம் தாங்காது. தாது கலந்தாலும், கால் எலும்பென்றால் பிளேட்டும் ஸ்குரூவும் போட்டே ஆகவேண்டும்.

நம் வினிகர் வேலையையே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்தவர் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட். தாது நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். தசைக்குள்ளே புது எலும்பு முளைத்தது! 1965-இல் இதை வெளியிட்டார். கொலாஜனோடு ஒட்டியிருந்த இன்னொரு புரதம்தான், எலும்பு கட்டச் சொல்லி அங்கிருந்த செல்களை ஏவியது. அதை ஆய்வகத்தில் தயாரித்து, கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து முதுகெலும்பில் வைக்க 2002-இல் அமெரிக்கா அனுமதித்தது. அளவு மிஞ்சினாலோ பஞ்சிலிருந்து கசிந்தாலோ, வேண்டாத இடத்திலும் எலும்பு வளர்ந்து நரம்பை அழுத்துவது உண்டு.