பொறுக்கத் தவறிய காய்

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிடங்குகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஏலமலைத் தோட்டங்களிலிருந்து போடிமெட்டு வழியாக மூட்டை மூட்டையாக இறங்கும் காய் முதலில் சல்லடையில் ஏறும். எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று பருமன் பிரிந்தபின் கைவேலை. வெடித்தது, பூச்சி துளைத்தது, வெளுத்தது எல்லாம் விரல்நுனியில் சிக்கி ஓரத்துக்குப் போகும். பேச்சு பாட்டுக்கு நடக்கும், கை நிற்காது.

குடலின் உட்சுவரிலும் இப்படி ஒரு பொறுக்கு வேலை ஓயாமல் நடக்கிறது. அந்தச் சுவரின் செல்கள் சில நாட்களுக்கொரு முறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். ஒரே எழுத்து பத்து, இருபது தடவை அடுத்தடுத்து வரும் இடங்களில் எண்ணிக்கை வழுக்கும். ஒன்று கூடும், ஒன்று குறையும். எம்எஸ்எச்2 என்ற புரதம் தன் துணையோடு இழையைத் தடவிப்பார்த்து, பொருந்தாத இடத்தில் நின்றுகொள்ளும். எம்எல்எச்1 வந்து சேரும். புது இழையில் பிழையுள்ள துண்டு வெட்டி எறியப்பட்டு மறுபடி எழுதப்படும்.

இந்தப் புரதங்களுக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு பிரதி. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ ஒன்று பழுதாகவே வந்துவிட்டால், மற்றது பல வருஷம் தனியாகச் சமாளிக்கும். ஏதோ ஒரு குடல் செல்லில் அதுவும் கெட்டால் அங்கே பொறுக்க ஆளில்லை. பிழை குவிந்து, நாற்பதுகளிலேயே குடலில் கட்டி வரலாம், பெண்களுக்குக் கருப்பையிலும். லிஞ்ச் நோய்க்குறி என்பது இதுதான். குடல் புற்றுநோயாளிகள் நூறு பேரில் சுமார் மூன்று பேருக்கு இதுவே காரணம்.

1895-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற மருத்துவரிடம் அவருடைய தையல்காரப் பெண், "எங்கள் வீட்டில் எல்லாரும் புற்றுநோயில்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான்" என்ற பொருள்பட வருந்தினார். அப்படியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார். வார்தின் அந்தக் குடும்பத்தைப் பற்றி 1913-ல் எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1960-களில் ஒமாஹாவில் ஹென்றி லிஞ்ச் இப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடிப் பட்டியலிட்டபோதும், சூழ்நிலைதான் காரணம் என்று சொன்னவர்களே அதிகம். எம்எஸ்எச்2 1993-லும் எம்எல்எச்1 1994-லும் அகப்பட்ட பிறகே வாய் அடைத்தது. நோயாளி சொன்ன சேதியை ஆய்வகம் ஒத்துக்கொள்ள ஏறக்குறைய நூறு வருஷம்!

நம் பக்கம், 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், தங்கராஜன் ராஜ்குமாரும் சகாக்களும் இந்தியக் குடல் புற்றுநோயாளிகளிடம் இதே இரண்டு மரபணுக்களையும் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். எழுத்துப்பிழை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். மேல்நாட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பிழையைத் தேடினால் தப்பிவிடும். அதனால்தான் இங்கேயே செய்யும் வேலைக்கு மதிப்பு.

நம் சம்பந்தங்களிலும் ஒரு சங்கதி உண்டு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும்போது கணவன், மனைவி இருவரிடமும் ஒரே பழுதான பிரதி இருக்க வாய்ப்புண்டு. அப்போது பிறக்கும் பிள்ளைக்கு இரண்டு பிரதியுமே கெட்டதாக வர நாலில் ஒரு பங்கு சாத்தியம். அந்தப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே மூளைக்கட்டி, ரத்தப் புற்று, குடல் புற்று வரலாம். அபூர்வம்தான், ஆனால் தோலில் காப்பி நிறத் திட்டுகளைப் பார்த்துச் சந்தேகப்படும் மருத்துவர் வேண்டும்.

மரபணுப் பரிசோதனைக்கு முன் மருத்துவர் கேட்பது வம்சக் கதை. அதில்தான் தடுக்கும். மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நாட்டு மருந்து தின்றிருப்பார் தாத்தா. ‘வயித்து வலியில செத்தாரு’ என்பதோடு கதை முடிந்திருக்கும். அம்மா வழியை யாரும் சொல்வதே இல்லை. ஆனால் பழுது எந்த வழியிலும் வரும்.

நோயாளியின் ரத்தத்தில் பிழை தெரிந்துவிட்டால் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். பழுது உள்ளவர்களுக்கு இருபத்தைந்து வயதை ஒட்டியே, ஓரிரு வருஷத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி. கட்டியாகும் முன்பே பாலிப் என்ற சிறு முளையை எடுத்துவிடலாம். இல்லாதவர்களுக்கு, அதாவது சுமார் பாதிப்பேருக்கு, ஊரில் மற்றவர்களுக்கு உள்ள ஆபத்துதான். அந்தக் குழாய்ப் பரிசோதனைக்கு வருஷா வருஷம் போக வேண்டியதில்லை.