படிக்க மட்டும்தானே என்று விட்டுவிடாதீர்கள்

2017 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐ அங்குள்ள மருத்துவமனைகளையும் பல் மருத்துவ மையங்களையும் எச்சரித்தது. கடவுச்சொல்லைச் சரிபார்க்காமலே திறக்கும் எஃப்டிபி (ஃபைல் பரிமாற்ற) சர்வர்களைக் குற்றவாளிகள் தேடிப்பிடித்து, நோயாளிகளின் விவரங்களை எடுத்து, நிறுவனத்தையே மிரட்டுகிறார்கள் என்றது. அப்படித் திறந்து கிடந்த எஃப்டிபி சர்வர்கள் உலகெங்கும் பத்து லட்சத்துக்கும் மேல் என்று மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015-இலேயே கண்டறிந்திருந்தது.

இத்தகைய சர்வரில் 'அனானிமஸ்' என்ற பெயரும் ஏதோ ஒரு கடவுச்சொல்லும் போதும், உள்ளே போய்விடலாம். லினக்ஸ் மென்பொருள், ஆய்வுத் தரவு போன்றவற்றைப் பொதுவில் வழங்க இது நல்ல வழிதான். ஆனால் 'படிக்க மட்டும்' என்ற அமைப்பு காப்பாற்றுவது சர்வரை; அதிலுள்ள ஸ்கேன் ரிப்போர்ட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம்.

பரவலாகப் பயன்படும் விஎஸ்எஃப்டிபிடி மென்பொருளில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'அனானிமஸ்_எனேபிள்' வரிக்கு முன்னால் # போட்டுவிட்டால் வாசல் மூடிவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த வரியே இல்லாவிட்டால் 'யெஸ்' என்றுதான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். தேவையில்லை என்றால் 'நோ' என்று எழுதியே ஆக வேண்டும்.

பொதுவில் வழங்கத்தான் போகிறீர்கள் என்றால் தனி ஃபோல்டர் ஒதுக்குங்கள். அதன் உரிமை ரூட் (நிர்வாகி) கணக்கிடம் இருக்கட்டும். 'ரைட்_எனேபிள்', 'அனான்_அப்லோட்_எனேபிள்' இரண்டும் 'நோ'வாக இருக்கட்டும். அப்லோடு திறந்திருந்தால் திருட்டுப் படங்களையும் வைரஸையும் முகம் தெரியாதவர்கள் உங்கள் முகவரியில் குவிப்பார்கள். பிறகு அலுவலக வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவிலிருந்து நுழைந்து ஒரு ஃபைலை ஏற்றிப் பாருங்கள். '550 பெர்மிஷன் டினைட்' என்று வர வேண்டும். ஊழியர்களின் வேலைக்கு எஸ்எஃப்டிபி தனியாக இருக்கட்டும், ஏனென்றால் சாதாரண எஃப்டிபியில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே போகும்.

இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. கசிவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-இலிருந்தே விதி. கசிவு தெரிந்தால் வாசலை உடனே மூடுங்கள், லாக் ஃபைல்களை மட்டும் அழிக்காதீர்கள்: யார் எதை எடுத்தார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

உங்கள் ரிப்போர்ட் ஒன்று இப்படித் திறந்து கிடப்பதைப் பார்த்தால், நிரூபிப்பதற்காக அடுத்தவர் ஃபைல்களை இறக்காதீர்கள். அனுமதியின்றி இறக்குவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் உங்கள் மீதே திரும்பலாம். முகவரியையும் தேதியையும் குறித்து, நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். செர்ட்-இன்னுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.