தருமபுரி மாவட்ட நடுநிலை வகுப்புகளில் ஆங்கிலப் பத்தி வாசிப்பும் பொருளுணர்வும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலப் பத்தியொன்றைப் பிழையின்றி உரக்க வாசிக்கும் மாணவர், அதன் கீழுள்ள வினாக்களுக்கும் சரியான விடை எழுதிவிடுகிறார். ஆனால், பத்தி எதைப் பற்றியது என்று தமிழில் கேட்டால் விடையின்றி நிற்கிறார். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிப்போர் பலர் அறிந்த நிலை இது. இந்நிலை உருவாகும் விதத்தை எழுத்துமுறை, வினா அமைப்பு, தொடரமைப்பு, சொல்லறிவு, முன்னறிவு ஆகியவற்றின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது. தருமபுரி மாவட்டச் சூழல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வாசிப்பு, பொருளுணர்வு, நடுநிலை வகுப்பு, ஆங்கிலம் கற்பித்தல், தருமபுரி, வினா அமைப்பு.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80.09. தருமபுரி மாவட்டத்தின் விகிதம் 68.54, மாநிலத்திலேயே மிகக் குறைந்தது அதுவே. இவ்வெண், அன்று எழுத்தறியாதிருந்த பெற்றோரின் பிள்ளைகள் இன்று நடுநிலை வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நினைவூட்டுகிறது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களிலிருந்து வருவோரும், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோரும் இம்மாவட்ட வகுப்பறைகளில் உள்ளனர். பின்னவர்க்குத் தமிழே இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாவது.

2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. அதன்பின் ஆங்கில வாசிப்பு ஒரு பாடத்தின் மதிப்பெண்ணோடு முடியும் செய்தியாக இல்லை. ஆங்கிலவழியில் பயிலும் ஆறாம் வகுப்பு மாணவர் அறிவியலையும் சமூக அறிவியலையும் ஆங்கிலப் பத்திகளாகவே எதிர்கொள்கிறார். ஆங்கிலப் பாடவேளையில் மறைந்துகிடக்கும் பொருளுணர்வுக் குறை, ஒளிச்சேர்க்கையைப் படிக்கும்போது வெளிப்படுகிறது; அங்கு அது அறிவியல் குறை எனப் பெயர் பெறுகிறது.

ஒலித்தலும் உணர்தலும்

வாசிப்பை இரு கூறுகளின் பெருக்கற்பலனாகக் கொள்ளும் எளிய கோட்பாட்டைக் கஃப், டன்மர் ஆகிய இருவரும் 1986இல் முன்வைத்தனர். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒன்று. மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இவற்றுள் எது சுழியாயினும் பலன் சுழியே. கூட்டல் என்னாது பெருக்கல் என்றதே இக்கோட்பாட்டின் சிறப்பு.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை பள்ளிக்கு வரும்போதே இரண்டாம் கூற்றைக் கொண்டுவருகிறது. எழுத்துகளைக் கூட்டத் தெரிந்துவிட்டால் பொருள் தானே வந்து சேர்கிறது. 'கல்', 'அகம்', 'தங்கம்' என்னும் மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலித்தாலும் குழந்தை தடுமாறுவதில்லை. சொல்லை அது முன்னமே அறியும். ஆகவே, வாய்விட்டு வாசித்தலையும் புரிந்து வாசித்தலையும் வேறுபடுத்திப் பார்க்கும் தேவை தமிழ் வகுப்பில் பெரிதும் எழுவதில்லை. 'படிக்கத் தெரியும்' என்னும் ஒரே தொடர் இரண்டையும் குறித்துவிடுகிறது.

இந்த வழக்கம் அப்படியே ஆங்கில வகுப்புக்கும் செல்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டு கடினமானது. ஓ, யு, ஜி, எச் என்னும் நான்கெழுத்துக் கோவை 'தோ', 'டஃப்', 'த்ரூ' என்னும் மூன்று சொற்களில் மூன்று விதமாக ஒலிக்கும். இதனைக் கடந்து ஒரு மாணவர் தடையின்றி வாசித்தால் ஆசிரியரும் பெற்றோரும் பார்வையிட வருவோரும் மகிழ்கின்றனர். மகிழ்ச்சி நியாயமானதே, எனினும் அவர்கள் அளந்தது முதற்கூற்றை மட்டுமே.

இந்திய ஊரகப் பகுதிகளில் பிரதம் அமைப்பு நடத்தும் 'அசர்' ஆய்வு இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்கிறது. ஆங்கிலத் தொடரை வாசித்த குழந்தையிடம் அதன் பொருளைத் தன் மொழியில் சொல்லுமாறு தனியே கேட்கிறது. 2022ஆம் ஆண்டு ஆய்வில், நாட்டளவில் எளிய ஆங்கிலத் தொடர்களை வாசிக்க முடிந்தோர் ஐந்தாம் வகுப்பில் 24.5 விழுக்காட்டினர், எட்டாம் வகுப்பில் 46.7 விழுக்காட்டினர். இவை வாசித்தோரின் அளவுகள். பொருள் கூறியோரின் அளவு இவற்றுக்குள் அடங்கிய ஒரு பகுதியே.

வினாவின் மயக்கம்

பத்தியின் கீழ் வினாக்கள் உள்ளனவே, அவை பொருளுணர்வைச் சோதிக்காவோ எனலாம். பின்வரும் பத்தியைக் காண்க. இதிலுள்ள பெயர்களும் வினைகளும் இக்கட்டுரைக்காகப் புனையப்பட்டவை. அவற்றுக்குப் பொருள் இல்லை.

"குமிலி ஒன்று மாவணத்தில் தொவிந்துகொண்டிருந்தது. அதன் பாகுளி மிகவும் நெகுவியது. எனவே கோரன் அதை முடுவினான்."

குமிலி எங்குத் தொவிந்துகொண்டிருந்தது? மாவணத்தில். எதன் பாகுளி நெகுவியது? குமிலியின் பாகுளி. கோரன் ஏன் குமிலியை முடுவினான்? அதன் பாகுளி மிகவும் நெகுவியதால். முழு மதிப்பெண் கிடைத்துவிட்டது. குமிலி விலங்கா, கருவியா, ஊர்தியா என்பது மட்டும் நமக்குத் தெரியாது.

இங்கு நமக்கு உதவியவை இல்லுருபு, ஆறாம் வேற்றுமை உருபு, 'எனவே' என்னும் இணைப்புச்சொல் ஆகியவையே. நடுநிலை வகுப்பு மாணவர் ஆங்கிலப் பத்தியில் செய்வதும் இதுதான். வினாவிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடுகிறார். அது இருக்கும் வரியைக் கண்டெடுக்கிறார். வரியை அப்படியே பெயர்த்தெழுதுகிறார். 'ஏன்' என்னும் வினா சிந்தனையைத் தூண்டும் என நாம் நம்புகிறோம். காரணத்தை ஓர் இணைப்புச்சொல் முன்னமே சுட்டிக்காட்டிவிட்டால் அதுவும் பெயர்த்தெழுதும் வினாவாகவே ஆகிவிடுகிறது. மாணவரைக் குறைகூற இதில் இடமில்லை. கேட்கப்பட்டதை அவர் திறம்படச் செய்திருக்கிறார். எதனைக் கேட்டோம் என்பதே நாம் ஆராய வேண்டியது.

தொடரின் திசை

பெயர்த்தெழுதும் உத்தி எங்கே உடைகிறது என்பதைத் தொடரமைப்பு காட்டும். 'மான் பார்த்த புலி ஓடிவிட்டது' என்பதில் பெயரெச்சம் தான் தழுவும் பெயருக்கு முன்னே நிற்கிறது. ஆங்கிலம் அதே செய்தியைப் 'புலி' எனத் தொடங்கி, ஓர் இணைப்புச்சொல்லை இட்டு, 'மான் பார்த்தது' என்பதை நடுவே செருகி, இறுதியில் 'ஓடிவிட்டது' என முடிக்கும். மானும் ஓடியதும் அங்கு அருகருகே வந்துவிடுகின்றன. ஓடியது எது என வினவினால் 'மான்' என்னும் விடை வருவது இதனால்தான். தமிழில் யார் யாரை என்பதை உருபு காட்டும். சொற்கள் இடம் மாறினும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லைப் பொறுத்தவரை அவ்வேலையை இடமே செய்கிறது. இடத்தைப் பொருளாகப் படிக்கும் பயிற்சி தமிழ் மாணவருக்குத் தனியே தரப்பட வேண்டிய ஒன்று.

இவ்விடத்தில் சீன நடுநிலைப்பள்ளி மாணவரோடு ஒப்பிடுதல் பயன் தரும். சீன மொழியிலும் இத்தகைய அடைத்தொடர் பெயருக்கு முன்னரே வரும். ஆகவே இத்தடை இருவர்க்கும் பொது. ஆனால், எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் வரிசை சீனத்திலும் ஆங்கிலத்திலும் ஒன்றே. இடத்தால் பொருளறியும் பழக்கம் சீன மாணவரிடம் ஏற்கெனவே உண்டு. எழுத்தின் நிலையோ வேறு: சீன எழுத்து நம் எழுத்தைப் போல ஒலிகளைக் கூட்டிக் காட்டுவதில்லை, 1958இல் ஏற்கப்பட்ட பின்யின் முறையின் வழியே ரோமன் எழுத்து அம்மாணவர்க்கு வேறு ஒலிமதிப்புகளோடு அறிமுகமாகிறது. எனவே, சீன மாணவரிடம் சோதித்துப் பார்த்த வாசிப்பு உத்திகளை நம் ஆய்வேடுகள் அப்படியே பெயர்த்துக்கொண்டால், நம் மாணவர் எங்கே இடறுகிறார் என்பது தெரியாமலே போகும்.

எத்தனை சொற்கள் தெரிய வேண்டும்?

ஹூ, நேஷன் ஆகியோரின் 2000ஆம் ஆண்டு ஆய்வு, துணையின்றி ஒரு கதைப்பகுதியைப் போதிய அளவு புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்றது. 150 சொற்கள் கொண்ட பத்தியில் மூன்று சொற்களே அறியாதனவாக இருக்கலாம். 80 விழுக்காடு மட்டும் அறிந்தோருள் ஒருவரும் போதிய பொருளுணர்வை எட்டவில்லை. அதாவது, அதே பத்தியில் முப்பது சொற்கள் தெரியாத நிலை. நம் பாடநூலின் ஒரு பக்கத்தை மாணவரிடம் கொடுத்து, தெரியாத சொற்களின் கீழ்க் கோடிடச் சொன்னால் அவர் எந்நிலையில் உள்ளார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நூறாண்டுகளுக்கு முன்பே வங்காளத்தில் ஆசிரியப் பயிற்சிப் பணியிலிருந்த மைக்கேல் வெஸ்ட் இதனை உணர்ந்திருந்தார். இருமொழியம் குறித்த தம் நூலை 1926இல் வெளியிட்ட அவர், வங்காள மாணவர்க்கு ஆங்கிலத்தில் முதன்மையாகத் தேவைப்படுவது வாசிப்புத்திறனே என்று வாதிட்டு, புதுச்சொற்கள் சிறிது சிறிதாக நுழையும் வாசிப்பு நூல்களை உருவாக்கினார். பாடநூலுக்கு வெளியே அத்தகைய எளிய நூல்கள் பள்ளி நூலகங்களில் பெருக வேண்டும்.

அதியமானும் பரிசலும்

ஸ்டெஃபன்சன், ஜோக்தேவ், ஆண்டர்சன் ஆகிய மூவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியரும் அமெரிக்கரும் இரு திருமணங்களைப் பற்றிய மடல்களை வாசித்தனர். தம் பண்பாட்டு மடலை இரு சாராரும் விரைந்து வாசித்தனர்; மிகுதியாக நினைவுகூர்ந்தனர். அமெரிக்க மணப்பெண் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள் என்னும் செய்தி அங்கே பெருமைக்குரியது. இந்திய வாசகர் ஒருவரோ அதைப் பழையதும் வழக்கொழிந்ததுமான உடை எனக் கொண்டார். சொற்பொருள் பிழைபடவில்லை, பின்னணி வேறுபட்டது.

இதனைக் கொண்டு, உள்ளூர்ச் செய்திகளை ஆங்கிலப் பத்தியாக்குக என்னும் பரிந்துரை வழக்கமாகச் செய்யப்படுகிறது. அது பாதி சரி. தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த கதையை ஆங்கிலத்தில் தந்தால் தருமபுரி மாணவர் எல்லா வினாக்களுக்கும் விடை சொல்வார், பத்தியை வாசிக்காமலே. களம் தெரிந்ததாகவும் நிகழ்ச்சி தெரியாததாகவும் இருத்தல் வேண்டும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து மிகும்போது பரிசல் இயக்கத் தடை விதிக்கப்படுவதைப் பென்னாகரம் வட்டாரத்துப் பிள்ளைகள் அறிவர். இக்களத்தில் ஒரு சிறு பத்தியை எளிய ஆங்கிலத்தில் அமைக்கலாம். காலையில் ஆற்றுநீர் பச்சையாக இருந்தது, நண்பகலில் செந்நிறமாயிற்று, பரிசல்காரர் ஆற்றைச் சிறிது நேரம் பார்த்தார், பரிசலைக் கரையேற்றி மரத்தில் கட்டிவிட்டு அமர்ந்துகொண்டார். 'எனவே' இல்லை, 'வெள்ளம்' என்னும் சொல்லும் இல்லை. பரிசலை ஏன் கட்டினார்? விடை எந்த வரியிலும் கிடைக்காது. நிறம் மாறியதை வாசித்து உணர்ந்தவரே புதுவெள்ளம் என்பார்.

விடையின் மொழி

'புதுவெள்ளம் வருகிறது, அதனால்' என்று மாணவர் தமிழில் சொன்னால் அதை ஏற்பதா? ஆங்கில வகுப்பில் தமிழா என்னும் தயக்கம் இயல்பே. தேர்வும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. ஆனால், வாசித்துணர்தலும் ஆங்கிலத்தில் எழுதுதலும் இரு திறன்கள். எழுதும் திறன் குறைந்தவர்க்கு உணர்ந்ததைச் சொல்ல வழியில்லை. எனவே பாதுகாப்பான வழியாக வரியைப் பெயர்த்தெழுதுகிறார். நாமே அவரை அவ்வழியில் தள்ளுகிறோம். வகுப்புநிலைப் பயிற்சியிலேனும் முதல் விடை தமிழில் அமையலாம் என்பது கட்டுரையாளரின் துணிபு. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுபவர் அம்மொழியில் ஒரு சொல்லைச் சொன்னாலும் அருகிலிருப்பவர் அதைத் தமிழாக்கிவிடுவார்.

இத்தகைய வினாக்கள் தென்னிந்திய வகுப்பறைக்குப் புதியவை அல்ல. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் மாணவர்கள் கால அட்டவணைகளையும் வரைபடங்களையும் ஆங்கிலத்தில் படித்து, அவற்றில் நேரே சொல்லப்படாத விடைகளை ஊகித்தறிந்தனர். முதலில் ஒரு பணியை ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் சேர்ந்து செய்வார். அதையொத்த மற்றொன்றை மாணவர் தனியே செய்வார். தருமபுரி பேருந்து நிலையத்து நேர அட்டவணை ஆங்கிலத்தில் ஒன்று போதும். அரூரிலிருந்து எட்டு மணிக்குப் புறப்படுபவர் பத்து மணிக்குள் பாலக்கோடு சேர முடியுமா என்னும் வினாவுக்குப் பெயர்த்தெழுத வரி ஏதும் இருக்காது.

பருவத்தேர்வின் ஐந்து வினாக்களில் மூன்று பழைய முறையிலேயே இருக்கட்டும். அவை தொடக்கநிலை மாணவர்க்கு ஊக்கம் தரும். எஞ்சிய இரண்டை எழுதுமுன் ஆசிரியர் தம் வினாத்தாளைக் குமிலிப் பத்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்தியின் பெயர்களையும் வினைகளையும் பொருளற்ற சொற்களாக மாற்றிய பின்னும் விடை எழுத முடிகிறதா? முடியுமாயின் அவ்வினாவை நீக்கிவிட்டு வேறொன்று எழுத வேண்டும்.