உயரமான பெண்ணும் உயரத்தின் வர்க்கமும்

2013 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இஸ்ரேல் நாட்டில் ஒரு புதுமையான சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆடை அணிவகுப்புகளிலும் விளம்பரங்களிலும் தோன்றும் மாடல்கள், தங்கள் உடல் நிறைக் குறியீட்டெண் 18.5-க்குக் குறையவில்லை என்று மருத்துவரிடம் சான்றிதழ் பெற்றுக் காட்ட வேண்டும். மூன்று மாதத்திற்கு முந்திய சான்றிதழ் செல்லாது. எண் குறைந்தால் வேலை கிடையாது.

இத்தகைய கட்டுப்பாடுகளுக்கு ஒரு சோகமான பின்னணி உண்டு. 2006 ஆம் ஆண்டு ஆகஸ்டில் உருகுவே நாட்டு மாடல் லூயிசெல் ராமோஸ் ஓர் அணிவகுப்பின்போதே இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் பிரேசில் நாட்டு அனா கரோலினா ரெஸ்தோன் இறந்தார். 1.70 மீட்டருக்கும் மேல் உயரமான அந்தப் பெண்ணின் எடை அப்போது சுமார் 40 கிலோகிராம்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் மாட்ரிட் நகரில் நடந்த அணிவகுப்பில் குறியீட்டெண் 18-க்குக் குறைந்தவர்களை அனுமதிக்கவில்லை. நோக்கத்தில் யாரும் குறை காண முடியாது. ஆனால் மாடல்களாகத் தெரிந்தெடுக்கப்படுபவர்கள் பெரும்பாலும் 1.75, 1.80 மீட்டர் உயரமுள்ள பெண்கள். உயரமான பெண்களைப் பற்றிய தீர்ப்பை இந்த எண்ணிடம் ஒப்படைக்கலாமா என்பதே நாம் இங்கு ஆராய வேண்டிய கேள்வி.

குறியீட்டெண்ணைக் கணக்கிடுவது எளிது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.80 மீட்டர் உயரமுள்ள பெண் 60 கிலோகிராம் இருந்தால், 60-ஐ 3.24-ஆல் வகுக்க 18.5 கிடைக்கிறது. (நுட்பமாகச் சொன்னால் இது எடை அன்று, நிறை. வகுப்பில் வற்புறுத்துவதை இங்கே வற்புறுத்தவில்லை. எல்லாரும் சொல்வதுபோல் எடை என்றே சொல்வோம்.) உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 18.5-க்குக் கீழ் மெலிவு. 25-லிருந்து மிகை எடை. 30-லிருந்து உடல் பருமன். இந்த எல்லைகள் குள்ளமானவருக்கும் நெட்டையானவருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

எடையை உயரத்தால் வகுக்கலாம், அல்லது உயரத்தின் கனத்தால் வகுக்கலாம். ஏன் வர்க்கத்தால் வகுக்கிறோம்? உயரத்தின் வர்க்கம் உடலின் எந்தப் பகுதியின் பரப்பும் அன்று. 1.80 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தை அந்தப் பெண்ணின் உடலில் எங்கும் காண முடியாது.

விடை தேட நாம் பெல்ஜியத்திற்குப் போக வேண்டும். அடோல்ப் கெத்லே என்பவர் 1796-ல் கெண்ட் நகரில் பிறந்தவர். தொழிலால் வானநூல் அறிஞர். விண்மீன்களின் இருப்பிடத்தை அளக்கும்போது நேரும் பிழைகளைச் சராசரி கண்டு களையும் முறையை மனித உடலின் மேலும் செலுத்திப் பார்த்தார். 'சராசரி மனிதன்' என்ற கருத்து அவருடையதே. முழு வளர்ச்சியடைந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தைப் போல் மாறுகிறது என்று 1832-ல் அவர் கண்டார். அது அளவுகளிலிருந்து கண்ட ஒழுங்கேயன்றி, ஈர்ப்பு விதி போன்ற ஓர் இயற்கை விதி அன்று. யார் பருமன், யார் மெலிவு என்று தரம் பிரிப்பதும் அவர் நோக்கமன்று.

கெத்லேயின் முடிவு ஒரு வகையில் வியப்பானது. வடிவம் மாறாமல் ஒரு பொருளைப் பெரிதாக்கினால் அதன் எடை கனத்தின்படியே கூட வேண்டும். இரண்டு செ.மீ. பக்கமுள்ள கனசதுரம் ஒரு செ.மீ. கனசதுரத்தைப் போல் எட்டு மடங்கு எடையுள்ளது. இதை ஒரு பெண்ணுக்குப் பொருத்திப் பார்ப்போம். உயரம் 1.50 மீட்டர், எடை 45 கிலோகிராம். குறியீட்டெண் சரியாக 20. இவரை ஒரு நிழற்படத்தைப் பெரிதாக்குவதுபோல் எல்லாப் பக்கமும் 1.2 மடங்கு பெரிதாக்கினால் உயரம் 1.80 மீட்டர் ஆகும். எடை 1.2-ன் கனமாகிய 1.728 மடங்கு கூடி ஏறத்தாழ 78 கிலோகிராம் ஆகும். குறியீட்டெண் 24! உடலமைப்பில் ஒரு மாற்றமும் இல்லை. கொழுப்பின் விகிதமும் அதே. ஆயினும் அவர் மிகை எடை எல்லையை நெருங்கிவிட்டார். உயரமானவர்களுக்கு இந்த எண் அநீதி செய்கிறது என்பவர்களின் வாதம் இதுதான்.

ஆக்ஸ்போர்டின் கணித அறிஞர் நிக் டிரெஃபெத்தன் 2013-ல் இந்த வாதத்தின் வழியே ஒரு புதிய சூத்திரம் தந்தார். உயரத்தின் வர்க்கத்திற்குப் பதில் 2.5 அடுக்கால் வகுத்து, 1.3-ஆல் பெருக்க வேண்டும். 1.3 எங்கிருந்து வந்தது? 1.3-ன் வர்க்கம் 1.69. ஆகவே 1.69 மீட்டர் உயரமுள்ளவருக்குப் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாகவே வரும். அதற்கு மேல் உயரமானவர்களுக்குப் புதிய எண் குறையும், குள்ளமானவர்களுக்குக் கூடும். மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கத்தக்க அழகான கணக்கு.

ஆனால் உயரமான மனிதர்கள் குள்ளமானவர்களின் பெரிதாக்கப்பட்ட படங்கள் அல்லர். நெட்டையானவரின் தலை, உயரத்திற்கேற்பப் பெரிதாக இருப்பதில்லை. பெரும்பாலும் கால்களே கூடுதலாக நீண்டிருக்கும்; ஒரே நீளமுள்ள காலும் உடற்பகுதியும் ஒரே எடையுள்ளவை அல்ல. தோளும் இடுப்பும் உயரத்தின் வேகத்தில் அகலமாவதில்லை. ஆகவே உண்மையான அடுக்கு 3-ஐ விடக் குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு குறைவு என்பதைச் சிந்தித்துச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல வேண்டும். 1971-ல் பென் என்ற ஆய்வாளர், அடுக்கு 2 என்று முன்கூட்டியே முடிவு கட்டாமல், அந்தந்த மக்கள் கூட்டத்தின் அளவுகளிலிருந்தே அதைக் கண்டறியலாம் என்று வழி காட்டினார். பல நாடுகளைச் சேர்ந்த 25 மக்கள் தொகுதிகளின் அளவுகளை ஒருசேர ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட முடிவின்படி, ஆண்களுக்குச் சராசரி அடுக்கு சுமார் 1.9. கெத்லே சொன்ன 2-க்கு மிக அருகில் இது இருக்கிறது. பெண்களுக்கோ சுமார் 1.5!

இதன் பொருளைக் காண மறுபடியும் நம் 45 கிலோகிராம் பெண்ணிடம் வருவோம். உயரம் 1.2 மடங்கானால், 1.5 அடுக்கின்படி எடை 1.2-ஐ அதன் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவு, அதாவது 1.31 மடங்கு கூடும். 1.80 மீட்டரில் 59 கிலோகிராம். குறியீட்டெண் 18.3. இஸ்ரேல் சட்டத்தின்படி இவருக்கு வேலை இல்லை! கன விதிப்படி கணக்கிட்டால் பருமனை நெருங்குகிறார். மக்கள் அளவுகளின்படி கணக்கிட்டால் மெலிந்தவராகிறார். வர்க்க விதி 65 கிலோகிராம் என்று நடுவே நிற்கிறது.

இந்த முரண்பாட்டிற்குக் காரணம் என்ன? 1.5 என்பது மக்கள் கூட்டத்தைப் பற்றிய செய்தி. உடலின் கட்டுமானத்தைப் பற்றியது மட்டுமன்று. பெண் உடலில் கொழுப்பின் பங்கு ஆணைவிடக் கூடுதல். அது எவ்வளவு சேரும் என்பது உயரத்தைக் காட்டிலும் உணவு, உழைப்பு, வயது, பிள்ளைப்பேறு ஆகியவற்றையே சார்ந்தது. மேலும் இளமையில் சத்துணவு இன்றி வளர்ச்சி குன்றிய ஒரு பெண், பின்னர் வசதி வந்து எடை கூடினால், குள்ளமானவர்களின் சராசரி எடை உயர்கிறது, அடுக்கு குறைகிறது. எனவே 1.5-ஐக் காட்டி, 1.80 மீட்டர் பெண் 59 கிலோகிராம்தான் இருக்க வேண்டும் என்று சொல்வது தவறு. அது போலவே, டிரெஃபெத்தனின் 2.5-க்கும் வடிவ கணித வாதம் துணை நிற்கிறதே தவிர, பெண்களின் அளவுகள் துணை நிற்கவில்லை.

இனி பிழையின் அளவைப் பார்ப்போம். ஓர் இயற்பியல் மாணவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. 1.80 மீட்டர் பெண்ணுக்கு டிரெஃபெத்தன் சூத்திரம் பழைய எண்ணை 3 சதவீதமே மாற்றுகிறது. 18.5 என்பது 17.9 ஆகிறது. நடுத்தர உயரமாக 1.60 மீட்டரை வைத்துக்கொண்டு 1.5 அடுக்கைப் பயன்படுத்தினால் மறுபக்கம் 6 சதவீதம் மாறும், 18.5 என்பது 19.6 ஆகும். எப்பக்கம் சாய்ந்தாலும் உயரத்தால் வரும் ஐயம் சுமார் ஓர் அலகு. அந்த உயரத்தில் ஓர் அலகு என்பது 3.24 கிலோகிராம்.

அனா கரோலினா ரெஸ்தோனின் எண் 14-க்கும் குறைவு. எந்த அடுக்கை வைத்துக் கணக்கிட்டாலும் அது அபாயமே. எல்லைக் கோட்டிலிருந்து வெகு தொலைவில் நிற்பவரை இந்த எண் தவறாமல் காட்டிக்கொடுக்கும். அதுவே அதன் பயன். கோட்டின் அருகே நிற்பவரைப் பற்றி அதனால் ஒன்றும் சொல்ல இயலாது. 18.2 உள்ள பெண்ணுக்கு வேலை இல்லை, 18.6 உள்ளவருக்கு உண்டு என்பது, மீட்டர் கோலால் தாளின் தடிமனை அளப்பது போன்றது. எடை பார்க்கும் முன் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தாலே எண் 0.3 கூடிவிடும்.

உயரத்தைவிடப் பெரிய பிழை வேறிடத்தில் இருக்கிறது. அது எடை எதனால் ஆனது என்பது. நியூசிலாந்தின் குண்டு எறிதல் வீராங்கனை வேலரி ஆடம்ஸ் 2008, 2012 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். உயரம் 1.93 மீட்டர், போட்டிக் காலத்தில் எடை சுமார் 120 கிலோகிராம். குறியீட்டெண் 32, அட்டவணைப்படி உடல் பருமன்! டிரெஃபெத்தன் சூத்திரத்தில் போட்டாலும் 30-க்குச் சற்று மேல் வரை இறங்கும், அவ்வளவுதான். தசையையும் கொழுப்பையும் தராசு ஒன்றாகவே நிறுக்கிறது. அமெரிக்காவின் ஆன்செல் கீஸும் அவருடன் பணியாற்றியோரும் 1972-ல் கெத்லேயின் எண்ணுக்கு இன்றைய பெயரைச் சூட்டி, கொழுப்புக்கு ஓரளவு பொருந்தும் எளிய அளவு என்று பரிந்துரைத்தனர். அந்த ஆய்வில் அளக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஆண்களே. இதைப் பலர் நினைவில் வைப்பதில்லை.

இதனால்தான் மருத்துவர்கள் இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வயிற்றினுள் சேரும் கொழுப்பே கூடுதல் தீங்கானது. ஆனால் இங்கும் உயரமான பெண் அகப்பட்டுக்கொள்ளும் கண்ணி ஒன்று உண்டு. பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாக வழங்கும் எல்லை. 1.50 மீட்டர் பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது உயரத்தில் 53 சதவீதம், 1.80 மீட்டர் பெண்ணுக்கு 44 சதவீதமே. முதலாமவருக்கு எல்லை தளர்ந்தது, இரண்டாமவருக்கு இறுகியது. இடுப்பை உயரத்தால் வகுத்துப் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது இதைவிட நேர்மையானது. நீளத்தை நீளத்தால் வகுப்பதால் அந்த எண்ணுக்கு அலகே இல்லை. அளவு நாடாகூட வேண்டாம். உயரத்தின் நீளத்திற்கு ஒரு கயிறு எடுத்து இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றினால் போதும். ஆனால் இது அதிகக் கொழுப்பைக் கண்டுபிடிக்கவே உதவும். மெலிவை அறிய உதவாது.

மெலிவைப் பற்றி பிரான்ஸ் நாட்டிலும் சட்டம் வந்தது. 2015-ல் முதலில் முன்வைத்த வரைவில் குறியீட்டெண்ணுக்கு ஒரு குறைந்தபட்ச எல்லை இருந்தது. இறுதிச் சட்டத்தில் அந்த எல்லையை நீக்கிவிட்டார்கள். 2017 மே மாதம் முதல் அங்கு மாடல்கள் மருத்துவச் சான்றிதழ் காட்ட வேண்டும். மருத்துவர் குறியீட்டெண்ணையும் பார்ப்பார், உடலமைப்பையும் பார்ப்பார், தீர்ப்பு அவருடையது.