வைபை, புளூடூத் மோதிக்கொள்ளாதது ஏன்? காற்றிலும் இருக்கு புறம்போக்கு!

புதுச்சேரி:
வீட்டில் வைபை ஓடுது. பக்கத்திலேயே புளூடூத்தில் பாட்டு கேட்குது. மாடி வீட்டு வைபையும் உள்ளே எட்டிப் பார்க்குது. மூன்றுக்கும் ஒரே அலைவரிசைதான். அப்புறம் எப்படி கலந்து போகாம வேலை செய்யுது?

செல்போன் கம்பெனிகள் ஏலம் எடுத்து வைத்திருக்கும் அலைவரிசை பட்டா நிலம் மாதிரி. அடுத்தவர் நுழைய முடியாது. வைபை ஓடும் அலைவரிசை புறம்போக்கு. யார் வேண்டுமானாலும் மாடு மேய்க்கலாம்.

வில்லியனூரில் ரேடியோ

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து கிராம தகவல் மையங்களை தொடங்கியது. ஏம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்கு ரேடியோ கருவி மூலமும் தகவல் போனது. வீராம்பட்டினத்தில் கடல் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு சொன்னார்கள். அப்போது இப்படிப்பட்ட கருவிக்கு லைசென்ஸ் வேண்டும்.

2005 ஜனவரியில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மத்திய அரசு லைசென்சை நீக்கியது. 2018 அக்டோபரில் 5 ஜிகாஹெர்ட்சிலும் பெரும்பகுதி திறந்து விடப்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை. கருவியின் சக்தி அளவுக்கு மேல் போகக்கூடாது.

முறைத்தண்ணீர் கணக்கு

பாகூர் பக்கம் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து பாய்ச்சுவது போலத்தான் இதுவும். வைபை முதலில் காது கொடுத்து கேட்கும். வேறு யாராவது பேசினால் காத்திருக்கும். ஓய்ந்ததும் தான் பேசும். சாதாரண புளூடூத் ஒரே இடத்தில் நிற்காது. நொடிக்கு 1,600 முறை தாவும். வைபை ஓடும் இடம் தெரிந்தால் ஒதுங்கிப் போகும்.

மைக்ரோவேவ் அடுப்புக்கு இந்த நாகரிகம் எல்லாம் கிடையாது. அதுவும் 2.4-ல் தான் இயங்குது. அதனால்தான் அடுப்பு ஓடும்போது சில வீடுகளில் நெட் திக்குது.

புகார் செல்லாது

பக்கத்து வீட்டுக்காரர் விதிப்படி வைபை வைத்திருந்தால், 'என் நெட் வாங்குது'ன்னு அவர் மேல் புகார் கொடுக்க முடியாது. புறம்போக்கில் யாருக்கும் தனி உரிமை இல்லை.

நெட் மெதுவா? புது பெட்டி வாங்க ஓடாதீங்க. பழைய பெட்டியிலேயே சேனலை மாத்திப் பாருங்க. 2.4-ல் 1, 6, 11 மூன்றும் ஒன்றை ஒன்று தொடாது. பக்கத்து வீடு 6-ல் இருந்தால் நீங்கள் 1 அல்லது 11-க்கு போங்க. பெட்டியில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்தால், ஒரே அறையில் இருப்பவர்களுக்கு அது நல்லது. சுவர் தாண்டினால் 2.4 தான் கைகொடுக்கும்.