பூட்டை உடைக்காத கள்வர்

வங்கி என்றதும் இரும்புப் பெட்டியும் வாயிலில் துப்பாக்கி ஏந்தி நிற்கும் காவலரும் நினைவுக்கு வருவது இயல்பு. பணத்தைக் காப்பது அவர்கள் பொறுப்பு, நமக்குக் கவலையில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். இன்று பணத்தைக் கவர விரும்புகிறவன் வங்கியின் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. கணக்குக்கு உரியவரைக் கொண்டே பூட்டைத் திறக்கச் செய்து, அவர் கையாலேயே பணத்தை வாங்கிச் செல்கிறான். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் இவ்வஞ்சகத்தின் இயல்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

வங்கியின் கணினிக்கு ஆளின் முகம் தெரியாது. கடவுச்சொல்லும், ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் குறியெண்ணும் சரியாக இருப்பின், கேட்பவர் கணக்குக்கு உரியவரே என்று அது கொள்ளும். ஆகவே கள்வனுக்கு வேண்டுவது அவ்விரண்டுமே. 'உங்கள் கே.ஒய்.சி. விவரங்களைப் புதுப்பிக்காவிடில் இன்றிரவு கணக்கு முடக்கப்படும்' என்று ஒரு செய்தி வரும். அத்துடன் வரும் கோப்பைத் திறந்தால், கைப்பேசிக்குள் ஒரு செயலி புகுந்துகொள்ளும். பின்னர் வங்கி அனுப்பும் குறியெண்களை நமக்கு முன்னே அது படித்துவிடும்.

மாற்றலாகிச் செல்லும் குடும்பத்தார் பழைய கட்டிலையும் பீரோவையும் விற்க இணையத்தில் விளம்பரம் செய்வதுண்டு. உடனே ஒருவன் விலை பேசி முடித்து, 'முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கட்டத்தைப் படம் பிடித்து உங்கள் பின் எண்ணைப் போடுங்கள்' என்பான். 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய யு.பி.ஐ. முறையில், பணம் கொடுப்பதற்குத்தான் பின் எண் வேண்டும். பெறுவதற்கு வேண்டியதே இல்லை. இந்த ஒரு விதியை மனத்திற் கொண்டவர் இவ்வலையில் விழமாட்டார்.

இவை யாவற்றினும் கொடியது 'டிஜிட்டல் கைது' என்னும் நாடகம். போலீஸ் உடை தரித்தவன் காணொளி அழைப்பில் தோன்றுவான். உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் அகப்பட்டது என்பான். உங்களைக் கைது செய்திருப்பதாகவும், அறையை விட்டு அகலலாகாது, எவரிடமும் பேசலாகாது என்றும் ஆணையிடுவான். சோதனைக்காகச் சேமிப்பு முழுவதையும் 'அரசாங்கக் கணக்குக்கு' மாற்றும்படி கூறுவான். கற்றறிந்தோரும், உயர்ந்த பதவி வகித்து ஓய்வு பெற்றோரும் இதற்கு இரையாகியுள்ளனர். சட்டத்தில் இத்தகைய கைது கிடையாது என்று 2024 அக்டோபர் 27-ஆம் நாள் 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமரே நாட்டுக்கு எடுத்துரைத்தார்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட ஓர் இடர் உண்டு. அதிகாரத் தோரணையில் ஒருவன் இந்தியில் அதட்டும்போது, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நம் பெரியவர்கள் கலங்கிவிடுகின்றனர். மறுத்துக் கேட்பதற்குச் சொல் வராது. மற்றொருவன் தேனொழுகத் தமிழில் பேசினாலோ, அயலூரில் நம்மவர் ஒருவர் கிடைத்தார் என்று மனம் நெகிழ்ந்துவிடுகிறது. அதட்டலும் அன்று, அன்பான தமிழும் அன்று நம்பிக்கைக்கு அளவுகோல். அழைப்பை அப்படியே துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே பேசிக் கேட்பதுதான் வழி. இணையத்தில் தேடி எடுக்கும் எண்களிலும் போலிகள் கலந்திருப்பதை மறக்கலாகாது.

கள்வன் எவ்வேடம் பூண்டாலும் இரண்டு அடையாளங்களை அவனால் மறைக்க இயலாது. ஒன்று அவசரம், மற்றொன்று இரகசியம். 'இப்பொழுதே செய்', 'எவரிடமும் சொல்லாதே' என்னும் இவ்விரு சொற்களும் சேர்ந்து ஒலித்தால், எதிரே இருப்பவன் யார் என்று ஆராயவும் வேண்டுவதில்லை.

பணம் போய்விட்டது என்று அறிந்தபின் என்ன செய்வது? அப்பொழுது அவசரம் நம்முடையதாக வேண்டும். களவு போன பணம் சில நிமிடங்களில் ஒரு கணக்கிலிருந்து வேறு பல கணக்குகளுக்குப் பிரிந்து ஓடும். உடனே 1930 என்னும் எண்ணுக்குப் பேசினால், பணம் சென்ற வங்கிக்குச் செய்தி எட்டி, அங்கே எஞ்சியுள்ள தொகை நிறுத்தி வைக்கப்படும். அங்கிருந்தும் நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்குச் செய்தி செல்லும். இவ்வேற்பாடு 2021-இல் உள்துறை அமைச்சகத்தினால் தொடங்கப்பெற்றது. நம் வங்கிக்கும் அப்பொழுதே தெரிவித்து, புகாரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

இழப்பு யாருடையது என்பது பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஓர் ஆணை பிறப்பித்தது. குறை வங்கியினுடையதாயின் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. வங்கியும் வாடிக்கையாளரும் குற்றமற்றவராய், வேறெங்கோ நேர்ந்த பழுதினால் பணம் போயிருந்தால், வங்கியின் அறிவிப்புக் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கும் இழப்பில்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் என்றால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு ரூ. 10,000 வரை அவர் தாங்க வேண்டும். இரகசிய எண்ணைத் தாமே கொடுத்துவிட்டவருக்கோ, புகார் செய்யும் வரை நேர்ந்த இழப்பு முழுதும் அவருடையதே. புகாருக்குப் பின் நேர்வது வங்கியினுடையது. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிறுவும் கடமையையும் அவ்வாணை வங்கியின் மீதே வைத்தது. தம் வங்கி இன்று கைக்கொள்ளும் விதியை ஒவ்வொருவரும் கிளையில் கேட்டறிவது நலம்.

வேலை தேடி வந்துள்ள நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். 'உன் கணக்கைச் சில நாள் எனக்குக் கொடு, கமிஷன் தருகிறேன்' என்று எவரேனும் கேட்டால் இணங்கலாகாது. களவுப் பணம் ஓடும் வாய்க்கால் அத்தகைய கணக்குகளே. போலீசார் தேடிக்கொண்டு முதலில் வந்து நிற்பது கணக்குக்கு உரியவன் வாயிலில்தான்.

இத்தனைக்கும் மேலாகக் கள்வனுக்குத் துணை நிற்பது நம் நாணம். ஊரில் தனித்திருக்கும் தந்தை பணத்தை இழந்தால், பிள்ளைகள் ஏளனம் செய்வார்களே என்று அஞ்சி நாட்கணக்கில் மறைத்து வைக்கிறார். அந்த மௌனத்தில்தான் மீட்கக்கூடிய பணமும் மீளாமல் போகிறது. ஆதலால் பிள்ளைகள் இன்றே பெற்றோரிடம் தொலைபேசியில் ஒரு வாக்குறுதி தர வேண்டும்: 'என்ன நேர்ந்தாலும் கடிந்துகொள்ள மாட்டோம்; நள்ளிரவானாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்.' அருகில் பிள்ளைகள் இல்லாத முதியோர் சங்க அன்பர் ஒருவரையேனும் அழைக்கலாம். 1930 என்னும் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகே ஒட்டி வைப்பதற்கு ஐந்து நிமிடமும் ஆகாது.